உதிரி அல்ல, உயிர்நாடி!

2024-ம் ஆண்டு ஜூலை மாதம் தாக்கல் செய்யப்பட்ட மத்திய நிதிநிலை அறிக்கையில், புற்றுநோய்க்கான மூன்று மருந்துகளுக்குச் சுங்க வரி விலக்கு அளிக்கப்பட்டது பரவலாகப் பேசப்பட்டது. அதனுடன் சேர்த்து நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் வெளியிட்ட இன்னோர் அறிவிப்பு அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. மருத்துவ எக்ஸ்ரே இயந்திரத்தில் பொருத்தப்படும் எக்ஸ்ரே குழாய்க்கும், படத்தைப் பதிவு செய்யும் "பிளாட் பேனல் டிடெக்டர்' என்கிற தட்டுக்குமான சுங்க வரி, உள்நாட்டு உற்பத்தித் திறன் கூடும் வேகத்துக்கு ஏற்ப மாற்றியமைக்கப்படும் என்பதுதான் அந்த அறிவிப்பு.

இதன் பின்னணியைத் தெரிந்துகொள்வது அவசியம். எக்ஸ்ரே இயந்திரத்தின் பாகங்களை இந்தியாவிலேயே தயாரிக்க வேண்டும் என்பதற்காக, 2021 ஜனவரியில் படிப்படியான உற்பத்தித் திட்டம் ஒன்றை மத்திய அரசு அறிவித்தது. பாகங்கள் மீதான இறக்குமதி வரியைக் கட்டம் கட்டமாக உயர்த்தினால், வேறு வழியின்றி உள்நாட்டில் உற்பத்தி தொடங்கிவிடும் என்பது அதன் எதிர்பார்ப்பு. குழாயையும் தட்டையும் பொருத்தவரை, வரி உயர்ந்த வேகத்தில் உற்பத்தி உயரவில்லை. ஆகவே வரியைக் குறைத்து, மறுபடியும் படிப்படியாக உயர்த்திச் செல்லும் வகையில் அட்டவணை திருத்தப்பட்டது. வரி விகிதத்தை ஒரே அறிவிக்கையில் மாற்றிவிட முடியும். ஒரு தொழில்திறனை அப்படி உருவாக்கிவிட முடியாது என்பதை அந்தத் திருத்தம் சொல்லாமல் சொல்லியது.

எக்ஸ்ரே இயந்திரத்தின் இரும்புச் சட்டம், மேஜை, மின் பெட்டி, வெளிக்கூடு ஆகியவற்றை நம் நாட்டுப் பட்டறைகள் எளிதாகச் செய்துவிடும். உயர் மின்னழுத்தத்தையும் கடும் வெப்பத்தையும் தாங்கி, வெற்றிடத்துக்குள் டங்ஸ்டன் தகட்டை அதிவேகமாகச் சுழல வைக்கும் குழாயைச் செய்வது அவ்வளவு எளிதல்ல. கண்ணாடிப் பரப்பின் மீது நுண்ணிய மின்னணுச் சுற்றுகளைப் பதித்து, அதன் மேல் எக்ஸ்ரே கதிரை ஒளியாக மாற்றும் படலத்தைப் படியவைத்துச் செய்யப்படும் தட்டும் அப்படித்தான். இயந்திரத்தின் விலையில் பெரும்பகுதியும், அது எடுக்கும் படத்தின் தரமும் இவை இரண்டையுமே சார்ந்துள்ளன. இவற்றை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, மற்றவற்றை இங்கே செய்து பொருத்தி, "இந்தியத் தயாரிப்பு' என்று பெயர்ப்பலகை மாட்டுவதால் இறக்குமதிச் சார்பு நீங்கிவிடாது. கப்பலில் வரும் பெட்டியின் அளவு சற்றுச் சிறியதாகிறது, அவ்வளவுதான்.

எக்ஸ்ரே இயந்திரம் ஓர் உதாரணம் மட்டுமே. இந்தியாவில் பயன்படுத்தப்படும் மருத்துவக் கருவிகளில் மதிப்பின் அடிப்படையில் ஏறத்தாழ 70 முதல் 80 சதவீதம் வரை இறக்குமதியாகின்றன என்பது பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வரும் கணக்கு. 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த தேசிய மருத்துவக் கருவிகள் கொள்கை, 2020-ல் இந்தியச் சந்தையின் மதிப்பை 1,100 கோடி டாலர் என்றும், உலகச் சந்தையில் இந்தியாவின் பங்கை 1.5 சதவீதம் என்றும் மதிப்பிட்டது. 25 ஆண்டுகளில் அந்தப் பங்கை 10 முதல் 12 சதவீதமாக உயர்த்துவது அக்கொள்கையின் இலக்கு.

இலக்கை எட்டத் திட்டங்கள் இல்லாமல் இல்லை. 2020-ல் ரூ. 3,420 கோடியில் உற்பத்தி சார்ந்த ஊக்கத்தொகைத் திட்டம் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் ஒரகடம், உத்தரப் பிரதேசத்தில் யமுனை விரைவுச் சாலைப் பகுதி, மத்தியப் பிரதேசத்தில் உஜ்ஜைன், ஹிமாசலப் பிரதேசத்தில் நாலாகர் ஆகிய இடங்களில் தலா ரூ. 100 கோடி மத்திய உதவியுடன் மருத்துவக் கருவிப் பூங்காக்கள் அமைக்கத் திட்டமிடப்பட்டது. ஊக்கத்தொகைத் திட்டத்தால் சி.டி. ஸ்கேன், எம்.ஆர்.ஐ., கதிரியக்கச் சிகிச்சைக்கான லீனியர் ஆக்சிலரேட்டர் போன்ற உயர்நிலைக் கருவிகளின் உற்பத்தி இந்தியாவில் தொடங்கியிருப்பது பாராட்டுக்குரியது. ஆனால், கருவி விற்பனையில் ஏற்படும் கூடுதல் மதிப்பில் 5 சதவீதம் என்று ஊக்கத்தொகை கணக்கிடப்படும்போது, முழுக் கருவியை விற்கும் பெரிய நிறுவனம்தான் அரசின் பார்வைக்குத் தெரிகிறது. அந்தக் கருவிக்குள் இருக்கும் வால்வையும், உணரியையும், சிலிக்கான் குழாயையும் செய்து கொடுக்கக்கூடிய சிறு பட்டறை தெரிவதில்லை.

ஓர் இளம் பொறியாளர், நரம்பு வழியாக மருந்தை அளவாகச் செலுத்தும் கருவியொன்றை வடிவமைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மோட்டார், அழுத்த உணரி, மருத்துவ ரகப் பிளாஸ்டிக்கில் வார்த்த கூடு, சிலிக்கான் குழாய், மின்சுற்று அட்டை என்று பல பாகங்கள் அவருக்குத் தேவை. முதல் ஆண்டில் ஐந்நூறு கருவிகள் விற்றாலே பெரிது. ஐந்நூறு கூடுகளுக்காக ஓர் அச்சு செய்ய வேண்டுமென்றால் அதற்கே லட்சக்கணக்கில் செலவாகும். ஆயிரக்கணக்கில் ஆர்டர் வந்தால்தான் இயந்திரத்தை ஓட்டுவோம் என்று வார்ப்பாலைக்காரர் சொல்வதில் தவறில்லை. அவருக்கும் வங்கிக் கடன் இருக்கிறது. வாகன உதிரி பாகங்களை வார்க்கும் ஆலை, மருத்துவக் கருவிகளுக்கான ஐஎஸ்ஓ 13485 தரச் சான்றை வாங்கியிருக்காது. அந்தச் சான்று வாங்கியுள்ள ஆலை எங்கிருக்கிறது, அது வெளியாருக்கு வேலை செய்து கொடுக்குமா, குறைந்தபட்ச ஆர்டர் எவ்வளவு என்பதையெல்லாம் அதிகாரபூர்வமாகச் சரிபார்த்து ஓரிடத்தில் தொகுத்து வைத்திருப்பவர் யார்? தெரிந்தவர் மூலம் விசாரித்தும், கண்காட்சிகளில் அலைந்தும் ஆண்டுகளைக் கழித்த பின்னர், ஷென்ஜென் நகரத்து நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புவதே சுலபம் என்ற முடிவுக்கு அவர் வந்தால், குற்றம் அவருடையதல்ல.

பாகத்தைக் கண்டுபிடிப்பதுடன் வேலை முடிந்துவிடுவதும் இல்லை. 2017-ம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் விதிகள், ஆபத்தின் அளவைப் பொருத்துக் கருவிகளை ஏ, பி, சி, டி என்று நான்கு வகுப்புகளாகப் பிரிக்கின்றன. முதல் இரண்டு வகுப்புகளுக்கு 2022 அக்டோபர் முதலும், மற்ற இரண்டுக்கு 2023 அக்டோபர் முதலும் உரிமம் கட்டாயமாகிவிட்டது. இது வரவேற்கத்தக்க சீர்திருத்தம். உரிமம் பெற்றவர், தான் வாங்கும் பாகம் எங்கிருந்து வந்தது, எந்த மூலப்பொருளில் செய்யப்பட்டது என்பதற்கெல்லாம் ஆவணம் வைத்திருக்க வேண்டும். பாகம் செய்பவர் மூலப்பொருளை மாற்றினால், சோதனைகளை மீண்டும் செய்ய நேரிடலாம். பிறருடைய ஆலையில் கருவியைத் தயாரித்துக்கொள்ள "லோன் லைசென்ஸ்' என்ற வழியையும் விதிகள் திறந்து வைத்திருக்கின்றன. ஆனால், பாகம் செய்பவருக்குத் தனி உரிமம் கிடையாது. முழுப் பொறுப்பும் கருவித் தயாரிப்பாளர் தலையில்தான். அமெரிக்காவிலும் நடைமுறை ஏறத்தாழ இதுவே. பெரிய நிறுவனம் தனது தணிக்கையாளர்களை அனுப்பிப் பட்டறையைச் சோதித்துக்கொள்ளும். சிறிய நிறுவனம் என்ன செய்யும்? நம்பிக்கையின் பேரில் வாங்கும். அல்லது வாங்காமலே ஒதுங்கிவிடும்.

நம்பிக்கையின் பேரில் வாங்குவதன் விபரீதம் என்னவென்பதை உலகம் பார்த்திருக்கிறது. பிரான்ஸ் நாட்டின் பிஐபி நிறுவனம், மார்பகத்தில் பொருத்தும் உறைகளுக்குள் மருத்துவ ரகமல்லாத, தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான சிலிக்கான் கூழை நிரப்பி விற்றது 2010-ல் அம்பலமானது. மூலப்பொருளில் செய்த மோசடி, பல நாடுகளில் ஆயிரக்கணக்கான பெண்களை மீண்டும் அறுவைச் சிகிச்சை மேஜைக்கு அனுப்பியது. மருத்துவக் கருவி அல்ல என்றாலும், 2025-ல் மத்தியப் பிரதேச மாநிலம் சிந்த்வாராவில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பலிகொண்ட இருமல் மருந்து விவகாரமும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. அந்த மருந்து தயாரானது நமது காஞ்சிபுரம் மாவட்டத்தில். மருந்துத் தரத்துக்கு உட்படாத கரைப்பான் ஆலைக்குள் நுழைந்ததை எவரும் தடுக்கவில்லை. விநியோகச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் என்ன நடக்கிறது என்பதைப் பார்க்க ஆளில்லாத இடத்தில், முதல் கண்ணியில் இருப்பவரின் உரிமம் வெறும் காகிதம்தான்.

கரோனா காலமும் நமக்குச் சொல்லித் தந்தது இதைத்தான். 2020 மார்ச் மாதத்துக்கு முன்னர் மருத்துவர்களுக்கான முழுக் கவச உடை நாட்டில் அநேகமாகத் தயாரிக்கப்படவே இல்லை. துணி கிடைத்தது, தைக்கும் கைகளும் இருந்தன. தையல் துளைகளின் வழியே கிருமி புகாதபடி அவற்றின் மேல் ஒட்டும் நாடாவுக்குத்தான் தட்டுப்பாடு. அந்த நாடாவுக்கு மாற்றாக ஒரு பசையைப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்க வேண்டியிருந்தது. உடைகளைச் சோதித்துச் சான்று தரும் பணியைக் கோவையில் உள்ள தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் மேற்கொண்டது. மே மாதத்துக்குள் நாளொன்றுக்கு லட்சக்கணக்கான உடைகள் தயாராயின. வென்டிலேட்டர் உற்பத்தியை முடுக்கிவிட்டபோதும், வால்வுகளும் உணரிகளும்தான் முட்டுக்கட்டையாயின. 2021 மே மாதத்தில், ஆக்சிஜன் உற்பத்தி நிலையங்களுக்குத் தேவையான ஜியோலைட் என்னும் தாதுப்பொருளை ஏர் இந்தியா விமானங்கள் ஐரோப்பாவிலிருந்து சுமந்து வந்தன. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கும் இயந்திரத்தைக் கட்டும் திறன் நம்மிடம் இருந்தது. அந்த இயந்திரத்துக்குள் கொட்ட வேண்டிய மணிகள் போதிய அளவில் இல்லை.

நெருக்கடி இல்லாத காலத்திலும் இதன் விலையைக் கொடுப்பவர்கள் அரசு மருத்துவமனை நோயாளிகள்தான். தேசிய சுகாதார இயக்கத்தின் கீழ் மாநிலங்களில் நடத்தப்பட்ட கணக்கெடுப்பில், அரசு மருத்துவமனைகளில் உள்ள கருவிகளில் 13 முதல் 34 சதவீதம் வரை செயல்படாமல் கிடப்பது தெரியவந்தது. பராமரிப்பின்மை, பயிற்சியின்மை என்று பல காரணங்கள் அதற்கு உண்டு. உதிரி பாகம் உள்ளூரில் கிடைக்காமல், கடல் கடந்து வரவேண்டிய ஒரு சிறு பலகைக்காக மாதக்கணக்கில் மூடிக்கிடக்கும் கருவிகளும் அவற்றில் அடக்கம். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் "ஸ்கேன் வேலை செய்யவில்லை' என்று எழுதித் தொங்கவிடப்படும் அட்டை, தனியார் ஸ்கேன் மையத்துக்கு ஏழைகளை அனுப்பும் சீட்டாக மாறிவிடுகிறது.

நம்மால் முடியாது என்பதல்ல பிரச்னை. திருவனந்தபுரத்தில் உள்ள ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனம், டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் செயற்கை இதய வால்வை உருவாக்கிய வரலாறு அதற்குச் சான்று. ஒரு மாதிரியில் உலோகத் தாங்கி முறிந்தது. இன்னொன்றில் உலோகம் தேய்ந்தது. மற்றொன்றில் வட்டு உடைந்தது. மூன்று மாதிரிகள் தோற்ற பிறகு, பற்றவைப்பே இல்லாமல் ஒரே உலோகக் கட்டியிலிருந்து கடைந்தெடுத்த கூடும், மிக உயர் மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீன் வட்டும் கொண்ட நான்காவது மாதிரி வெற்றி பெற்றது. 1990 டிசம்பரில் முதன்முறையாக நோயாளி ஒருவருக்கு அந்த வால்வு பொருத்தப்பட்டது. இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் பொருத்தப்பட்டிருக்கிறது. அந்த வெற்றிக்குப் பின்னால் பெங்களூரு தேசிய விண்ணூர்தி ஆய்வகத்தின் உதவியும், தனியார் தொழில் நிறுவனம் ஒன்றின் பொறுமையும் இருந்தன. இரண்டே பாகங்களுக்குச் சரியான பொருளையும், அதைச் சரியாகக் கடையும் வழியையும் தேடியதுதான் அந்த நெடுங்காலப் போராட்டத்தின் சாரம்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் அங்கமாக 1992-ல் தொடங்கப்பட்ட ஆரோலேப், கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸை இங்கேயே தயாரித்து, இறக்குமதி லென்ஸின் விலையில் சிறு பகுதிக்கு வழங்கியதால்தான் ஏழைகளின் கண்புரை அறுவைச் சிகிச்சை முறையே மாறிப்போனது. ஜெர்மனியின் டூட்லிங்கன் என்னும் சிறு நகரம் அறுவைச் சிகிச்சைக் கருவிகளின் உலகத் தலைநகராக விளங்குகிறது. நூற்றுக்கணக்கான சிறு நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று வேலை கொடுத்து வாங்கி, ஒரே ஊரில் ஒரு முழுச் சங்கிலியாக இயங்குவதே அதன் பலம். அம்பாலாவில் ஆய்வகக் கருவிகள், ஃபரீதாபாதில் ஊசிகளும் சிரிஞ்சுகளும், ராஜ்கோட்டில் எலும்பு முறிவுக்கான தகடுகளும் திருகுகளும், சூரத்தில் இதய ஸ்டென்ட் என்று இந்தியாவிலும் அப்படிப்பட்ட ஊர்கள் இருக்கின்றன. கோவை, புணே பட்டறைகளின் நுட்பத்தை வாகனத் தொழில் நன்கு அறியும். இவற்றை மருத்துவக் கருவித் தொழிலோடு இணைக்கும் பாலம்தான் இல்லை.

2024 நவம்பரில் மத்திய மருந்துத் துறை அறிவித்த ரூ. 500 கோடி திட்டம், தாமதமாகவேனும் இந்தக் குறையை உணர்ந்திருக்கிறது. முக்கியப் பாகங்கள், மூலப்பொருள்கள், துணைக்கருவிகள் ஆகியவற்றைத் தயாரிக்க முன்வருவோருக்கு முதலீட்டு மானியம் அளிக்க அதில் ரூ. 180 கோடியும், தொழில் தொகுப்புகளில் பொது வசதிகளுக்காக ரூ. 110 கோடியும் ஒதுக்கப்பட்டன. திசை சரியானது. ஆனால் தொகை? முழுக் கருவிகளுக்கான ஊக்கத்தொகையோடு ஒப்பிட்டால், பாகங்களுக்கான மானியம் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு மட்டுமே.

ஒரு கையால் கொடுப்பதை மறு கையால் பறிக்கும் முரண்பாடும் இருக்கிறது. 2025 செப்டம்பரில் மருத்துவக் கருவிகள் மீதான சரக்கு, சேவை வரி 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. நோயாளிகளுக்கு இது நன்மை. அதே வேளையில், கருவித் தயாரிப்பாளர் வாங்கும் பிளாஸ்டிக், உருக்கு போன்றவற்றின் மீது 18 சதவீத வரி நீடிக்கிறது. கூடுதலாகக் கட்டிய வரியைத் திரும்பப் பெற வழி உண்டு என்றாலும், மூலப்பொருளுக்குக் கட்டிய வரியே அந்தக் கணக்கில் சேரும். சேவைக்குக் கட்டிய வரி சேராது. அந்த விதியை 2021-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தபோதே, அதில் உள்ள குறைகளைச் சரக்கு, சேவை வரிக் கவுன்சில் பரிசீலிக்க வேண்டும் என்றும் கூறியது. ஜாப் ஒர்க் என்பது சட்டத்தின் பார்வையில் சேவை. ஆக, எல்லாப் பாகங்களையும் தன் ஆலைக்குள்ளேயே செய்துகொள்ளும் பெரிய நிறுவனத்தைவிட, வேலையை நான்கு பட்டறைகளுக்குப் பகிர்ந்து கொடுக்கும் சிறிய நிறுவனத்துக்கே இந்தக் கணக்கால் இழப்பு அதிகம். சங்கிலியை வளர்க்க மானியம் கொடுக்கும் அரசு, சங்கிலியாக இயங்குவோரைத் தண்டிக்கும் வரி விதியை வைத்திருப்பது என்ன நியாயம்?

இறக்குமதி வரியை உயர்த்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு சாரார் வாதிடுகிறார்கள். உள்நாட்டில் பாகமே கிடைக்காத நிலையில் வரியை உயர்த்தினால், அந்தச் சுமை மருத்துவமனை ரசீதில்தான் வந்து நிற்கும். எக்ஸ்ரே குழாய் விஷயத்தில் மத்திய அரசே பின்வாங்கியது அதனால்தான். எல்லாப் பாகங்களையும் எந்த நாடும் தானே செய்துகொள்வதில்லை என்பதும் உண்மை. எவற்றை நாமே செய்தாக வேண்டும், எவற்றை நம்பகமான நாடுகளிடமிருந்து வாங்கலாம் என்று பகுத்துப் பார்த்து, முதல் பட்டியலில் உள்ளவற்றுக்குப் பத்தாண்டுகளாவது உறுதியான ஆதரவு தருவதுதான் விவேகம்.

அதற்குச் செய்ய வேண்டியவை அரசின் சக்திக்கு அப்பாற்பட்டவையும் அல்ல. முதலாவதாக, மருத்துவத் தரத்தில் பாகங்கள் செய்யும் நிறுவனங்களையும், பிறருக்காக உற்பத்தி செய்து கொடுக்கும் ஆலைகளையும் நேரில் தணிக்கை செய்து, அவற்றின் திறன், சான்று, குறைந்தபட்ச ஆர்டர் அளவு ஆகிய விவரங்களுடன் ஒரு தேசியப் பதிவேட்டை வெளியிட வேண்டும். ஒருமுறை செய்த தணிக்கையை எல்லாக் கருவித் தயாரிப்பாளர்களும் ஏற்கத்தக்கதாக அமைத்தால், ஒரே பட்டறையை ஒன்பது பேர் ஒன்பது முறை சோதிக்கும் வீண்செலவு மிச்சமாகும். கலப்படப் பொருளைத் தள்ளிவிடும் தரகர்களுக்கும் கதவடைக்கப்படும்.

இரண்டாவதாக, மத்திய அரசின் கருவி அறைகளையும், சென்னை கிண்டியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்தியப் பெட்ரோகெமிக்கல்ஸ் பொறியியல், தொழில்நுட்ப நிறுவனத்தையும், சிறு எண்ணிக்கையில் மருத்துவ பாகங்களைச் செய்து கொடுக்கும் மையங்களாக மாற்ற வேண்டும். விண்வெளித் துறைக்குப் பாகங்கள் செய்து கொடுக்கும் புவனேசுவரம் கருவி அறையால், மருத்துவக் கருவிக்கும் செய்து கொடுக்க முடியாதா என்ன? 1974-லேயே மும்பை டிராம்பேயில் கதிர்வீச்சு மூலம் மருத்துவப் பொருள்களைத் தூய்மையாக்கும் "ஐசோமெட்' நிலையத்தை நிறுவிய நாடு இது. எந்தத் தனி நிறுவனமும் கட்டிக்கொள்ள முடியாத வசதியை அரசு பொதுவில் அமைத்ததால் ஒரு தொழில் வளர்ந்தது என்பதற்கு வெளியில் உதாரணம் தேட வேண்டியதில்லை.

மூன்றாவதாக, அரசுக் கொள்முதலில் உள்நாட்டுப் பொருளுக்கு முன்னுரிமை தரும் 2017-ம் ஆண்டின் ஆணையை அதன் உண்மையான பொருளில் நடைமுறைப்படுத்த வேண்டும். உள்நாட்டு மதிப்பு 50 சதவீதம் என்று தயாரிப்பாளர் அளிக்கும் உறுதிமொழியோடு நின்றுவிடாமல், எந்தப் பாகம் எங்கிருந்து வந்தது என்ற பட்டியலையும் கேட்க வேண்டும். பட்டறைக்காரர்களுக்கு 45 நாள்களுக்குள் பணம் தரவேண்டும் என்று 2006-ம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டம் சொல்கிறது. கருவி வாங்கிய அரசு மருத்துவமனை பணத்தை இழுத்தடித்தால், அந்தத் தாமதம் சங்கிலி முழுவதும் பரவி, கடைசியில் லேத் ஓட்டுபவரின் வாரக் கூலியைப் பாதிக்கிறது. முன்னுதாரணமாக இருக்க வேண்டிய அரசே கடன்காரனாக இருக்கலாகாது.

இந்தத் தொழிலின் வளர்ச்சி ஓர் அமைச்சகத்திடமும், உரிமம் இன்னோர் அமைச்சகத்திடமும், சிறு பட்டறைகள் மூன்றாவது அமைச்சகத்திடமும் இருப்பது தில்லியின் வழக்கமான நோய். மூன்றையும் ஒரே மேஜையில் உட்கார வைத்து, ஆண்டுதோறும் நாடாளுமன்றத்துக்கு ஓர் அறிக்கை அளிக்கச் செய்தால் என்ன? எத்தனை கருவிகள் தயாராயின என்பதோடு, அவற்றுக்குள் இருக்கும் பாகங்களில் எத்தனை இந்தியாவில் பிறந்தவை என்பதையும் அந்த அறிக்கை சொல்ல வேண்டும்.

கட்டுமஸ்தான உடம்பு இருந்தாலும், இதயத்துக்குள் இருக்கும் சிறு வால்வு பழுதானால் மனிதன் சாய்ந்துவிடுகிறான். மருத்துவக் கருவித் தொழிலுக்கும் அதே விதிதான். உதிரி என்று ஒதுக்கிவைத்த பாகங்களில்தான் அதன் உயிர் இருக்கிறது. அடுத்த கொள்ளைநோய் முன்னறிவிப்புடன் வரப்போவதில்லை. அப்போது கப்பலையும் விமானத்தையும் எதிர்பார்த்துக் காத்திருக்கும் நிலை மீண்டும் ஏற்பட்டால், பாடம் கற்க மறுத்த பழி ஆட்சியாளர்களையே சேரும்.